பர்த், டேர், கீ: ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைக் காகிதத்தில் சரியாக எழுத

ராயபுரம் பக்கம் ஒருவர் ‘பர்த்’ என்று சொன்னால், எந்த பர்த் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர் சொல்வது குழந்தையின் பிறப்பு. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் சொல்வது கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம். சென்ட்ரலுக்குக் கிளம்புகிறவர் சொல்வது ரயில் படுக்கை. பேச்சில் இதனால் சிக்கல் வராது, ஆளைப் பார்த்தே புரிந்துவிடும். காகிதத்தில் ஆள் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது. நடுவில் ஐ போட்டால் பிறப்பு. ஈ போட்டால் படுக்கையும் கப்பல் நிற்குமிடமும். மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு காட்டாது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது முதன்முறையாக ஆங்கிலத்தில் மனு, பயோடேட்டா, சலான், மெயில் எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. கோச்சிங் தேவையில்லை. ஒரு நோட்டு, இரண்டு மாதம், தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

1. முதலில் எழுத்துக்குப் பெயர் வையுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆங்கில எழுத்துகளைச் சொல்லும்போது ‘பி’ என்று இரண்டும் ‘டி’ என்று இரண்டும் நம் காதில் ஒன்றாகவே விழுகின்றன. போனில் இன்னும் மோசம். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஊரைக் கட்டிவிடுங்கள். வடசென்னைப் பக்கத்து ரயில் நிலையங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது: பேசின் பிரிட்ஜ் பி, பெரம்பூர் பி, தண்டையார்பேட்டை டி, டெல்லி டி, கொருக்குப்பேட்டை கே, எண்ணூர் ஈ, அத்திப்பட்டு ஏ, இந்தியா ஐ. வியாசர்பாடி வி, விம்கோ நகர் டபிள்யூ. இந்தக் கடைசி இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வ’தான்.

கடையில் டைப் செய்யக் கொடுக்கும்போதும் இப்படியே சொல்லுங்கள். ‘பர்த், எண்ணூர் ஈ’ என்று ஒரு முறை சொல்வது, பிரிண்ட் வந்த பிறகு மூன்று முறை திருத்துவதைவிட மலிவு. இனி வரும் பகுதிகளில் எழுத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். படித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பாருங்கள்.

2. கையில் இருக்கும் காகிதங்களைச் சேருங்கள்

ஒலி ஒத்த சொற்கள் நானூறு, ஐந்நூறு என்று பட்டியல்கள் கிடைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். வாழ்நாளில் எழுதப் போகாத சொற்களை மனப்பாடம் செய்து களைத்துப் போவீர்கள். உங்களுக்குத் தேவை நாற்பது ஜோடிதான். அவை உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

எடுக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., வங்கிப் பாஸ்புக், கடன் இருந்தால் அதன் ஸ்டேட்மென்ட், ஒரு செக், மின்வாரிய ரசீது, வேலை செய்யும் இடத்தின் சலான் அல்லது பில், கடைசியாக எழுதிய லீவ் லெட்டர். அசலில் பேனா வைக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து, சந்தேகமான சொற்களை அதில் வட்டமிடுங்கள். 80 பக்க நோட்டு, பென்சில், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாய் தாண்டாது. அகராதிக்குப் போனே போதும். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கும்.

நோட்டில் மூன்று பத்தி இழுங்கள். முதல் பத்தியில் ஒலி, தமிழில். இரண்டாவதில் எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தில், கையால். மூன்றாவதில் பொருளை எழுதுவதற்குப் பதில் அந்தச் சொல் எந்தக் காகிதத்தில் வருகிறது என்று எழுதுங்கள். ‘அசல் தொகை’ என்று எழுதினால் நான்கு நாளில் மறந்துவிடும். ‘நகைக் கடன் ரசீது’ என்று எழுதினால் அந்த ரசீதே கண் முன் வந்து நிற்கும்.

3. காது ஏமாற்றும் இடங்களைப் பிரித்துப் பாருங்கள்

குழப்பம் இரண்டு வகை. ஆங்கிலம் பேசுபவர்களுக்கே ஒரே ஒலியாகக் கேட்கும் சொற்கள் ஒரு வகை: பர்த், வெயிட், பிரேக். இவற்றைக் காதால் பிரிக்கவே முடியாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒலி வேறாக இருந்தும் நம் வாயில் ஒன்றாகிவிடுபவை இரண்டாவது வகை. விலையும் பரிசும் நமக்கு ‘ப்ரைஸ்’. ஆங்கிலத்தில் விலையின் முடிவு எஸ் ஒலி, பரிசின் முடிவு இசட் ஒலி. எழுத்திலும் விலைக்கு சி, பரிசுக்கு இசட். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்கு சி, அறிவுரை சொல் என்ற வினைக்கு எஸ் வருவதும் அதே கணக்கு. படிவமும் பண்ணையும் நம் பேச்சில் ‘ஃபார்ம்’. தொலைப்பதற்கு ஒரே ஓ, தொளதொளவென்று இருப்பதற்கு இரண்டு ஓ. இந்த வகையை அகராதியின் உச்சரிப்பைக் கேட்டுச் சரிசெய்துவிடலாம். நோட்டில் பக்கத்தில் ‘கா’ என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்குக் ‘க’.

4. சான்றிதழ், அலுவலக மனு

‘லீகல் ஹேர் சர்டிபிகேட்’ என்று எல்லாரும் சொல்கிறோம். ஹேர் என்றால் தலைமுடி. வாரிசைக் குறிக்கும் சொல் எச்-சில் தொடங்கும், ஆனால் எச் ஒலிக்காது. காற்றைப் போலவே ‘ஏர்’ என்றுதான் ஒலிக்கும். எழுதும்போது எச், ஈ, ஐ, ஆர். காற்று ஏ, ஐ, ஆர். எச் ஒலிக்காததால் வாரிசுக்கு முன் ‘அ’ வராது, ‘ஆன்’ வரும்.

மகன் ஓ, சூரியன் யூ. ஆண் என்பது ஏ வந்து கடைசியில் ஈ. தபால் என்பது நடுவில் ஏ, ஐ. வரிசை எண்ணின் ‘சீரியல்’ எஸ்-சில் தொடங்கும். சி-யில் தொடங்கினால் தானியம்.

கல்லூரிக்குப் போனஃபைட் கேட்டு எழுதும்போது ‘பிரின்சிபல்’ என்பதன் முடிவு ஏ, எல். கடனின் அசல் தொகைக்கும் அதே எழுத்துக்கூட்டல். எல், ஈ என்று முடிந்தால் கொள்கை. மனுக்களில் அதிகம் தவறும் சொல் இதுதான். ஆளும் அசலும் ஏ, கொள்கை ஈ என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

வார்டு கவுன்சிலருக்குக் கொடுக்கும் மனுவில் நடுவே சி வந்து இரண்டு எல் வரும். நடுவே எஸ் வந்தால் அவர் மனநல ஆலோசகர். அந்த மனுவிலேயே வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, மாடியைக் குறிக்கும் ‘ஸ்டோரி’யில் ஒய்-க்கு முன் ஈ உண்டு, கதையில் கிடையாது. மின்சார மீட்டர் ஈ, ஆர் என்று முடியும். நீளத்தை அளக்கும் மீட்டர் ஆர், ஈ.

சிறு தொழில் வைத்து கரன்ட் அக்கவுன்ட் திறப்பவர்கள் ‘சோல் புரொப்ரைட்டர்’ (தனி உரிமையாளர்) என்று எழுத வேண்டும். அது எஸ், ஓ, எல், ஈ. ஓ, யூ வந்தால் ஆன்மா. காசிமேட்டு ஏற்றுமதி பில்லில் நாக்கு மீனுக்கு எழுதுவதும் முதல் சோல்தான்.

5. செக்: இங்கே திருத்தம் கிடையாது

மற்ற காகிதங்களில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். செக்கில் முடியாது. செக்கைப் படமாக அனுப்பிப் பணம் தீர்க்கும் சி.டி.எஸ். முறைக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி, தேதியைச் செல்லுபடியாக்குவதற்குத் தவிர வேறு எந்தத் திருத்தமும் கூடாது. பெயரிலோ தொகையிலோ பிழை வந்தால் புதுத் தாள் எடுக்க வேண்டும்.

எட்டு என்பதை ‘சாப்பிட்டான்’ என்ற சொல்லாகவும், இரண்டை ‘-க்கு’, ‘-உம்’ என்ற பொருள் தரும் சொற்களாகவும், நான்கை ‘-க்காக’ என்ற சொல்லாகவும், ஒன்றை ‘ஜெயித்தான்’ என்ற சொல்லாகவும் எழுதிவிடும் ஆபத்து இங்கேதான். இரண்டில் நடுவே டபிள்யூ கட்டாயம். நான்கில் யூ உண்டு, பதினான்கிலும் உண்டு, நாற்பதில் கிடையாது. இந்த நாற்பதை வேலையில் பழுத்தவர்களே தவறாக எழுதுகிறார்கள். எண்ணில் எழுதியதும் சொல்லில் எழுதியதும் வேறுபட்டால், சட்டப்படி சொல்லில் உள்ள தொகையே செல்லும். நடைமுறையில் வங்கி திருப்பி அனுப்பிவிடும், அதற்குக் கட்டணமும் பிடிக்கும். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செக் செல்லும் என்பதால் தாமதமும் ஆபத்து.

ஒன்று முதல் இருபது வரை, பிறகு பத்துப் பத்தாக நூறு வரை ஒரு சிறு சீட்டில் எழுதி செக் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். மனப்பாடத்தை நம்ப வேண்டாம்.

6. துறைமுகம், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்), லாரி

மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் யார்டிலும் கன்டெய்னர் வேலையிலும் புதிதாகச் சேர்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இங்கே ஒரு சொல் தவறினால் எடைக் கணக்கே மாறும்.

கன்டெய்னரின் கதவில் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மேலே அதிகபட்ச மொத்த எடை, அதன் கீழே ‘டேர்’. டேர் என்றால் வெறும் பெட்டியின் எடை. தண்டையார்பேட்டை டி, ஏ, ஆர், ஈ. கிழிப்பதற்கும் அதே ஒலி, ஆனால் தண்டையார்பேட்டை டி, ஈ, ஏ, ஆர். கதவில் மொத்தம் 30,480 கிலோ, டேர் 2,230 கிலோ என்று இருந்தால், ஏற்றக்கூடிய சரக்கு 28,250 கிலோ. டேமேஜ் ரிப்போர்ட்டில் தார்ப்பாய் கிழிந்ததை எழுதும்போது ஈ முதலில், எடைச் சீட்டில் ஏ முதலில். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆள் எழுதுவதால்தான் இடம் மாறிப்போகிறது. ஏற்றுமதிப் பெட்டிக்குச் சரிபார்த்த மொத்த எடையை அறிவிப்பது 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். அந்தச் சீட்டில் எழுதுவதைக் கப்பல் கம்பெனி அப்படியே எடுத்துக்கொள்ளும்.

எடை என்ற ‘வெயிட்’டில் ஈ, ஐ, ஜி, எச் வரும். காத்திருக்க ஏ, ஐ போதும். எடை போடும் ‘வே’ பாலத்திலும் அந்த ஜி, எச் உண்டு. பாதை என்ற ‘வே’யில் கிடையாது.

கப்பல் அணையும் மேடையைக் குறிக்கும் சொல்லைப் பார்த்ததும் ‘க்வே’ என்று படித்துவிடுவோம். க்யூ, யூ, ஏ, ஒய் என்று எழுதி, சாவியைப் போல ‘கீ’ என்று சொல்ல வேண்டும். வாக்கி டாக்கியில் ‘கீ சைடு’ என்று கேட்டால் யாரும் சாவியைத் தேடச் சொல்லவில்லை. கடலில் மிதக்கும் அடையாள மிதவையும் இப்படித்தான். ‘பாய்’ என்று ஒலிக்கும், ஆனால் ஓ-வுக்கு முன் யூ உண்டு.

வங்கி டிராஃப்ட்டில் எஃப். கப்பல் நீரில் அமிழும் ஆழம் பழைய எழுத்துக்கூட்டலில் யூ, ஜி, எச். இன்றைய துறைமுகக் காகிதங்களில் அதற்கும் எஃப் போட்டே எழுதுகிறார்கள். அதைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள்.

லாரி ஓட்டுபவர்களுக்கு முக்கியமானது ‘பிரேக்’. வண்டியை நிறுத்தும் பிரேக் ஏ, கே, ஈ. உடைவதும் இடைவேளையும் ஈ, ஏ, கே. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸுக்கு எழுதும் கடிதத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு முதல் சொல், வண்டி வழியில் பழுதாகி நின்ற பிரேக்டவுனுக்கு இரண்டாவது. நின்றுகொண்டிருந்த வண்டியின் மேல் மோதியதாக எழுதும்போது ‘ஸ்டேஷனரி’யின் கடைசியில் ஏ, ஆர், ஒய். ஈ, ஆர், ஒய் என்று எழுதினால் அது ஆண்டர்சன் தெருவில் வாங்கும் பேப்பரும் பேனாவும். இரும்புச் சலானில் எஃகுக்கு இரண்டு ஈ. ஈ-யும் ஏ-வும் வந்தால் திருட்டு.

7. துணி, தையல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளிலும் தையல் யூனிட்களிலும் நான்கு ஜோடி போதும். சாயம் போடுவதற்கு ஈ-யை விடாமல் எழுத வேண்டும், டெல்லி டி, ஒய், ஈ, பிறகு ஐ, என், ஜி. ஈ-யை விட்டால் சாவு. போர்டு எழுதும் பெயின்டருக்குக் கொடுக்கும் தாளில் இதை இரண்டு முறை பாருங்கள். இடுப்பளவு நடுவில் ஏ, ஐ, கழிவுத்துணி கடைசியில் ஈ. பீஸ் கணக்குக் கூலியில் ஐ, ஈ, சமாதானத்தில் ஈ, ஏ. துணிப் பேல் பேசின் பிரிட்ஜ் பி, ஏ, எல், ஈ. ஜாமீன் நடுவில் ஏ, ஐ.

8. லீவ் லெட்டர், பயோடேட்டா, மெயில்

‘ஒன் வீக் லீவ்’ என்பதில் வாரத்துக்கு இரண்டு ஈ. ஈ, ஏ வந்தால் பலவீனம். காய்ச்சல் என்று எழுதும் கடிதத்தில் இரண்டு சொல்லுமே பொருந்துவது போலத் தோன்றும், அதனால்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பயோடேட்டாவில் பத்தாவது, பன்னிரண்டாவது ‘பாஸ்ட்’ என்று எழுதும்போது இரண்டு எஸ், பிறகு ஈ, டெல்லி டி. எஸ், தண்டையார்பேட்டை டி என்று முடிந்தால் ‘கடந்த காலம்’. பயோடேட்டாவின் முதல் பாதியிலேயே வரும் சொல் என்பதால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான். ரோல் நம்பருக்கு இரண்டு எல், வேலையில் நம் பங்கைக் குறிக்கும் ரோலுக்கு ஒரு எல், ஒரு ஈ. படித்த ‘கோர்ஸ்’ ஓ, யூ. ஓ, ஏ வந்தால் சொரசொரப்பு. வேலை நடக்கும் ‘சைட்’ எஸ், ஐ, தண்டையார்பேட்டை டி, ஈ. அதில் ஜி, எச் வந்தால் பார்வை.

மெயிலில் ‘அங்கே’, ‘அவர்களுடைய’ இரண்டும் ‘தேர்’. இதற்கு ஒரு சோதனை உண்டு. அங்கே என்ற சொல்லுக்குள் ‘இங்கே’ ஒளிந்திருக்கிறது. முதல் எழுத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், எச், ஈ, ஆர், ஈ தெரிந்தால் இடம். ‘உங்களுடைய’, ‘நீங்கள் இருக்கிறீர்கள்’ என்ற ‘யுவர்’ குழப்பத்துக்கு மேற்குறியை (அபாஸ்ட்ரஃபி) பிரித்து முழுதாக எழுதிப் பாருங்கள், வாக்கியம் நின்றால்தான் மேற்குறி.

9. கொடுப்பதற்கு முன் சரிபார்த்தல்

வாய்ஸ் டைப்பிங்கை மனுவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒலியை வைத்து ஊகித்து எழுதும் கருவிக்கு, ஒலி ஒத்த சொல்தான் மிகவும் பலவீனமான இடம். கம்ப்யூட்டர் காட்டும் நீலக் கோடு சில பிழைகளைக் காட்டும், பலவற்றை விட்டுவிடும்.

பிரிண்ட் எடுத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, சொல் சொல்லாகப் பாருங்கள். மேலிருந்து படித்தால் மூளை பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், எழுத்து தெரியாது. சந்தேகச் சொல் வந்தால் நோட்டின் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். டைப் செய்யும் கடையில் உட்காரும் முன்பே, பக்கத்துக்கு எவ்வளவு, திருத்தத்துக்குத் தனியாகக் காசா என்று கேளுங்கள். முதல் பிரிண்டைப் பார்த்து முடிக்கும் வரை எதையும் லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள்.

கால அளவு: வாரத்துக்கு ஐந்து ஜோடி, எட்டு வாரத்தில் நாற்பது. ஆறு நாள் எழுதுங்கள், ஞாயிறு மட்டும் யாரையாவது தமிழில் சொல்லச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தவறியதை அடுத்த வாரத்துக்கு ஏற்றுங்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது பாடத்திட்டத்திலும் உதவும்.

10. பெயரிலும் இதே பொறி

லட்சுமி என்ற பெயரை எக்ஸ் போட்டும் எழுதலாம், கே, எஸ், எச் போட்டும் எழுதலாம். ஒலி ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆட்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னா பின்னா என்பதும் கணக்கில் வரும்.

புதிதாகப் பிறந்த குழந்தைக்கு இதை முதலிலேயே சரியாகச் செய்யலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியக் கட்டணம் இல்லை. பெயரைப் பிறகு சேர்ப்பதாக இருந்தால் 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் கூடி எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறை. இப்போது கட்டணம் 75 ரூபாய். எஸ்.எஸ்.சி. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், அதே விண்ணப்பத்தில் முதல் முறை திருத்த 200 ரூபாய். எந்தக் காகிதத்தை மற்றவற்றுக்கு ஆதாரமாக வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்தான். மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதார் மையத்தில் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் திரையில் உள்ள பெயரை எண்ணூர் ஈ, இந்தியா ஐ என்று ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.